இரண்டு தரம் கழித்த எண்

கலியாணம் பேசி வந்த உறவுக்காரர், பெண் வெளிநாட்டு ஆட்களோடு சேர்ந்து "ஜெட் அளக்கிற வேலை" செய்கிறாள் என்று சொன்னார். இராகுலன் அதை அப்படியே நம்பினான். நம்பாமல் என்ன செய்வது? அவன் இயந்திரம் பார்க்கிறவனாக இருந்த ஐஸ் தொழிற்சாலை சீனன்குடாவில், விமானத் தளத்துக்குக் கிட்ட இருந்தது. தலைக்கு மேலே விமானம் ஏறுவதும் இறங்குவதும் அவனுக்குக் காகம் பறக்கிற மாதிரி. பெண் ஏதோ விமானக் கம்பனியில் பொறியியலாளர், இறக்கையையோ எஞ்சினையோ அளக்கிறாள் என்று தன்பாட்டில் முடிவு கட்டிவிட்டான். தாலி கட்டி மூன்று கிழமைக்குப் பிறகு, முற்றத்தில் நின்றுகொண்டு, இரைந்தபடி போன விமானமொன்றைக் காட்டி, "உது என்ன வகை ஜெட்?" என்று அவளிடம் கேட்டான்.

கௌசிகா அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு விளங்கிக்கொண்டு, படியில் குந்திவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவனுக்கு முப்பத்தேழு வயது, அவளுக்கு முப்பத்துமூன்று. இரண்டு வீட்டிலும் நம்பிக்கை விட்டுப்போன பிறகு நடந்த கலியாணம். கௌசிகா சாம்பல்தீவுக்காரி. பேராதனையில் பௌதிகம் படித்து, ஜெர்மனிக்குப் போய்க் கலாநிதிப் பட்டம் எடுத்தவள். அந்தப் பல்கலைக்கழகம் அவளை ஒப்பந்தத்தில் வைத்திருந்தது. ஒரு வருடத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அனுமதியும் கொடுத்திருந்தது. அந்த ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. உவர்மலைச் சரிவில் வாடகைக்கு எடுத்த வீட்டில், ஒருவரையொருவர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

ஜெட் என்றால் உண்மையில் என்னவென்று அவன் அறிந்தது சல்லி அம்மன் கோயிலில். ஒரு வெள்ளிக்கிழமை, கும்பிட்டு முடித்து வெளியே வரும்போது, யாரோ நேர்த்திக்குத் தேங்காய் அடித்தார். கல்லில் பட்டுச் சிதறிய துண்டுகளைப் பிள்ளைகள் ஓடிப் பொறுக்கினார்கள். கௌசிகா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இஞ்ச பாருங்கோ. அந்த முழுத் தேங்காயை நீங்கள் காணேல்ல எண்டு வையுங்கோ. சிதறின துண்டுகளை மட்டும்தான் கண்டனீங்கள். அதுகளைப் பொறுக்கிச் சேர்த்து, தேங்காய் எவ்வளவு பெரிசு, என்ன வேகத்தில வந்தது எண்டு சொல்லவேணும். அதுதான் என்ர வேலை."

"அதுக்கு ஏன் ஜெட் எண்டு பேர்?"

"நிலத்துக்கு அடியில பெரிய வட்டச் சுரங்கம் ஒண்டு இருக்கு. அதுக்குள்ள சின்னஞ்சிறு துணிக்கைகளை எதிர் எதிரா ஓடவிட்டு மோத விடுவினம். மோதினதும் உள்ள இருக்கிற பொருள் உடைஞ்சு, ஒரே பக்கமாப் பீச்சியடிக்கும். குழாய்த் தண்ணி மாதிரி. அந்தப் பீச்சலைத்தான் ஜெட் எண்டுறது."

இராகுலன் பிள்ளைகளைப் பார்த்தான். "கொஞ்சத் துண்டு மணலுக்க போயிருக்கும். கொஞ்சத்தைப் பெடியள் கொண்டு ஓடியிருப்பினம்."

"ஓம், அதுதான் கரைச்சல்! எங்கட கருவி எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் காட்டும். எவ்வளவு குறையுது எண்டு கண்டுபிடிச்சுத் திருத்தவேணும்."

"முழுத் தேங்காயைக் காணாமல் அதை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"சிலநேரம் ஒரு பக்கம் ஜெட் போகேக்க, நேர் எதிர்ப் பக்கம் ஒரு ஒளித்துணிக்கை தனியப் பாயும். அதை எங்களால திருத்தமா அளக்க ஏலும். ரெண்டும் ஒரே உதைப்பில பிரிஞ்சதுகள். அங்கால எவ்வளவோ, இஞ்சாலயும் அவ்வளவு இருக்கவேணும். இல்லையெண்டா, குறையிறது எவ்வளவு எண்டு தெரிஞ்சிடும்."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டே சற்று நேரம் யோசித்தான். "ஒரே கல்லில நாலைஞ்சு பேர் ஒரே நேரத்தில தேங்காய் அடிச்சா என்ன செய்வீர்? மற்றாக்களின்ர துண்டும் வந்து கலந்திடுமே."

கௌசிகா சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். "அந்தக் கேள்வியோட நான் ரெண்டு வருசம் மாரடிச்சனான்," என்றாள். "அந்தக் கலந்த துண்டுகளைக் கழிக்கிறதுதான் இப்ப என்ர பகுதி." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து அவன் காதுக்குள் அதைப்பற்றியே கதைத்துக்கொண்டு வந்தாள். பாதி காற்றில் போயிற்று. ஆனாலும் அவனுக்கு அது நல்லாய் இருந்தது.

அதற்குப் பிறகு, மடிக்கணினியில் நடக்கிற அவளுடைய கூட்டங்களின்மேல் அவனுக்கும் ஒரு பற்று வந்துவிட்டது. கூட்டங்கள் பெரும்பாலும் பின்னேரம் ஐந்தரைக்குத் தொடங்கும். அவன் வேலையால் வந்து, குளித்து, தேத்தண்ணி ஊற்றி, அவள் கை எட்டுகிற இடத்தில் சத்தமில்லாமல் வைப்பான். பிறகு வெளி விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பான். அவளுடைய இங்கிலீஷ் அவனுக்கு அரைவாசிதான் விளங்கும். யாரோடு கதைக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். மரியேலா என்றால் குரல் இளகும். மரியேலா சிலி நாட்டுப் பெண், கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவள். கௌசிகாவின் திருத்த எண்களை வைத்துத்தான் அவள் தன் ஆய்வு முழுவதையும் கட்டியிருந்தாள்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை அது. வியாழக்கிழமை கௌசிகாவுக்குப் பெரிய கூட்டம் இருந்தது. இரண்டு வருட வேலையைக் குழு முழுவதற்கும் முன்னால் வைத்து, ஒப்புதல் வாங்குகிற நாள். திங்கட்கிழமை பின்னேரம் இராகுலன் வீட்டுக்கு வந்தபோது விளக்குப் போடவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை. கௌசிகா மூடிய மடிக்கணினிக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"என்ன, சுகமில்லையே?"

"பிழை விட்டிட்டன்," என்றாள்.

அவன் ஈரச் சட்டையோடு பக்கத்தில் இருந்தான். அவள் விரலை மடக்கி நீட்டிச் சொன்னாள். கருவியின் ஓரப் பகுதி ஒன்றில், ஒரு வருடத்துத் தரவுகளில், கலந்து வந்த துண்டுகளைக் கணினி நிரல் ஏற்கெனவே ஒருதரம் கழித்துவிட்டது. அதைக் கவனிக்காமல் அவள் இன்னொரு தரம் கழித்திருக்கிறாள். இரண்டு தரம் கழித்த எண்ணோடு மேலே மேலே எல்லாம் போயிருக்கிறது.

"எவ்வளவு வித்தியாசம்?"

"ஆயிரத்தில ஆறு."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். இவ்வளவு பிழை இருக்கலாம் எண்டு நாங்களே எழுதிற அளவு ஆயிரத்தில பதினைஞ்சு. இந்த ஆறு அதுக்குள்ள அடங்கிடும். நான் வாய் திறக்காட்டி ஒருத்தரும் கண்டுபிடிக்கமாட்டினம்."

"சொன்னா?"

"சொன்னா எல்லாத்தையும் திருப்பிச் செய்யவேணும். மரியேலா அடுத்த மாசம் ஆய்வேட்டைக் குடுக்க இருக்கிறா. அவவின்ர முடிவு அந்த ஓரப் பகுதியிலதான் நிக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "என்ர ஒப்பந்தமும் மார்கழியோட முடியுது. இப்பிடியொண்டைச் சொன்ன ஆளுக்குத் திருப்பித் தருவினமோ தெரியாது. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

ஒப்பந்தம் போய்விட்டால் அவள் இங்கேயே நின்றுவிடுவாள். அந்த எண்ணம் இராகுலனின் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் போல ஓடியது. ஒரு கணம் அவனுக்குச் சந்தோசமாக இருந்தது. அடுத்த கணமே தன்னை நினைக்க வெட்கமாகப் போயிற்று. எழுந்து விளக்கைப் போட்டான். "சொல்லிவிடும்" என்பதுதான் அவன் வாயில் வந்தது. ஆனால் அது அவளுக்காக வந்ததா, தனக்காக வந்ததா? அவனுக்கே பிடிபடவில்லை.

"எனக்குச் சொல்லத் தெரியேல்ல," என்றான்.

"பரவாயில்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மடிக்கணினியைத் திறந்தாள்.

அவன் குசினிக்குள் போய் அரிசியைக் களைந்து போட்டான். சூடை மீனைப் பொரித்து, சம்பல் இடித்து, சோற்றுக் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். அவள் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். அந்த நன்றிதான் அவனைச் சுட்டது. கலியாணம் கட்டி எட்டு மாதத்தில் சாப்பாட்டுக்கு அவள் நன்றி சொன்னதேயில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே போயின. "தேத்தண்ணி வேணுமே?" "ஓம்." "குடை கொண்டு போங்கோ." "ஓம்." அதற்கு மேல் கதை வளரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வானம் கறுத்து, மூன்று மணிபோல இடியோடு ஊற்றத் தொடங்கியது. தொழிற்சாலையில் மின்சாரம் நின்று ஜெனரேற்றரைப் போட்டார்கள். ஐஸுக்கு வந்த படகுக்காரர் ஒருவர், உவர்மலைப் பக்கம் பெரிய வாகை மரம் கம்பியில் விழுந்து ஊரே இருட்டாய்க் கிடக்கிறது, போன் சிக்னலும் இல்லை என்றார். இராகுலன் மணிக்கூட்டைப் பார்த்தான். நாலாக ஐந்து நிமிடம். மேற்பார்வையாளர் தவராசாவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.

வீட்டில் கௌசிகா மெழுகுதிரிக்குப் பக்கத்தில், சிக்னல் இல்லாத போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் தலையிலிருந்து தண்ணீர் ஒழுகி நிலமெல்லாம் நனைந்தது.

"வெளிக்கிடும், போவம்."

"எங்க?"

"பக்டரிக்கு. ஜெனரேற்றர் ஓடுது, ஒபிசில இன்ரநெற் இருக்கு. ஐஞ்சரைக்குப் போயிடலாம்."

மடிக்கணினியைச் சீலையால் சுற்றி, இரண்டு உரப்பைக்குள் போட்டுக் கட்டினான். தன் மழைக்கோட்டை அவளுக்குப் போட்டுவிட்டான். உரப்பையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்தபடி அவள் பின்னால் ஏறினாள். மட்கோச் சந்தியில் வெள்ளம் சில்லின் அரைவாசிக்கு நின்றது. அவன் காலை ஊன்றி ஊன்றிக் கடந்தான். வழி நெடுகலும் அவன் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த அவள் கை இறுகித்தான் இருந்தது.

அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவள் சுஹைரா, கிண்ணியாக்காரி. விசயத்தைக் கேட்டதும் தன் மேசையிலிருந்த கோப்புகளை அள்ளி அலுமாரிக்குள் திணித்துவிட்டு, உலர்ந்த சால்வை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தாள். இணைப்புக் கிடைத்தது. நேரம் ஐந்து இருபது. அப்போதுதான் பக்கத்துச் சுவருக்கு அந்தப்பக்கம் ஐஸ் அரைக்கிற இயந்திரம் தொடங்கியது. கட்டிகள் உள்ளே விழுந்து நொறுங்குகிற சத்தத்தில் மேசை அதிர்ந்தது. கௌசிகா காதைப் பொத்திக்கொண்டு இராகுலனைப் பார்த்தாள்.

அவன் வெளியே ஓடினான். மூன்று படகுகள் ஐஸுக்கு வரிசையில் நின்றன.

"தவராசா அண்ணை, மெசினைக் கொஞ்சம் நிப்பாட்டலாமே? இருபது நிமிசம்."

"விசரே உனக்கு? மூண்டு போட் நிக்குது."

"வீட்டுக்காரிக்கு வெளிநாட்டோட ஒரு முக்கியமான கூட்டம். இண்டைக்கு விட்டா இல்லை."

தவராசா தலையைச் சொறிந்தார். பிறகு படகுக்காரர் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார்: "கொஞ்சம் பொறுங்கோ! எங்கட இராகுலன்ர மனுசிக்கு வெளிநாட்டில பரீட்சை. சத்தம் போடக்கூடாதாம்."

"செய்யட்டும், செய்யட்டும்," என்றார் ஒரு வயதான படகோட்டி. "மெசினை நிப்பாட்டினா ஐஸ் ஒண்டும் உருகிப்போகாது."

இயந்திரம் நின்றது. தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. இராகுலன் அலுவலகக் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றான். சுஹைராவும் பக்கத்தில் வந்து நின்றாள். கௌசிகா பேசத் தொடங்கினாள். வழமையைவிட மெதுவாகப் பேசினாள். முதல் பத்து நிமிடம் எண்களும் படங்களுமாகப் போயிற்று. பிறகு ஒரு இடத்தில் நிறுத்தினாள். குரல் தாழ்ந்தது. "மிஸ்டேக்" என்ற சொல் அவன் காதில் விழுந்தது. அது இரண்டாம் தரமும் விழுந்தது.

சுஹைரா அவன் பக்கம் குனிந்தாள். "தான் பிழை விட்டதாச் சொல்றாங்க, அண்ணன். ஒரு பகுதியை ரெண்டு தரம் கழிச்சிட்டாவாம். வேற ஒருத்தரும் பொறுப்பில்லையாம், தான் மட்டுந்தானாம்." அவள் கண்கள் விரிந்தன. "ஒருத்தரும் கேக்கவே இல்லையே. ஏன் தானாச் சொல்றாங்க?"

இராகுலன் தெரியாது என்பதுபோலத் தலையை ஆட்டினான். கதவிடுக்கால் பார்த்தான். சால்வையைப் போர்த்தியபடி, நனைந்த தலைமயிர் கழுத்தில் ஒட்டியிருக்க, அவள் நிமிர்ந்து இருந்தாள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் முகங்கள். அவற்றில் ஒரு பெட்டி கறுத்துப் போயிருந்தது. பிறகு வயதான ஒரு ஆண்குரல் நிதானமாக ஏதோ சொன்னது. கௌசிகா "யெஸ்", "யெஸ்" என்று சொல்லியபடி எழுதிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "ஒத்திவைச்சிட்டினம். திருத்திக்கொண்டு வரட்டாம். மரியேலா நடுவிலயே கமெராவை நிப்பாட்டிப்போட்டா."

வயதான படகோட்டி எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, பாஸே?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. திருப்பி எழுதவேணும்."

"அதுக்கென்ன, என்ர மகனும் சாதாரண தரச் சோதனையை மூண்டு தரம் எழுதினவன்தான்."

கௌசிகா சிரிக்கப் பார்த்தாள். அது அழுகையாக வந்துவிட்டது. சுஹைரா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள். இராகுலன் போய் அரைக்கிற இயந்திரத்தைப் போட்டுவிட்டு, மூன்று படகுக்கும் ஐஸ் ஏறி முடியுமட்டும் நின்றான்.

வீட்டுக்குத் திரும்பும்போது மழை விட்டிருந்தது. உட்துறைமுக வீதியில், தண்ணீரோரமாக அவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். தூரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலொன்றில் விளக்குகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"திங்கக்கிழமை நீர் என்னட்டக் கேட்டீர்," என்றான் அவளைப் பாராமல். "சொல்லத் தெரியாமல் இல்லை. ஒப்பந்தம் போகும் எண்டு நீர் சொன்ன உடன, நீர் இஞ்சயே நிண்டிடுவீர் எண்டு எனக்குச் சந்தோசம் வந்திட்டுது. ஒரு கணம்தான். ஆனா அதுக்குப் பிறகு நான் 'சொல்லும்' எண்டா, அது எனக்காகச் சொன்னதாப் போயிருக்கும். அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான்."

கௌசிகா இறங்கி, மழைக்கோட்டைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் போட்டாள்.

"நான் நினைச்சன், என்ர வேலை உங்களுக்கு ஒரு பொருட்டில்லையெண்டு," என்றாள். "இதைச் சொல்ல உங்களுக்கு மூண்டு நாள் எடுத்ததே?"

"உமக்கும் மூண்டு நாள்தானே எடுத்தது."

அவள் அவனுடைய ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இந்தத் தரம் அது சிரிப்பாகவே வந்தது. "அப்பிடியொரு நினைப்பு எனக்கும் வந்ததுதான்," என்றாள். "சொல்லாமல் விட்டா ஒப்பந்தம் கிடைக்கும், கிடைச்சா திருப்பி அங்க போகவேணும் எண்டு யோசிச்சன். அது எனக்குப் பெரிசாப் பிடிக்கேல்ல. பிடிக்காமல் போனது எனக்கே புதினமா இருந்தது."

மரியேலா நாலு நாளாக ஒரு வரியும் எழுதவில்லை. கௌசிகா அந்த நாலு நாளும் போனைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்தாள். ஐந்தாம் நாள் அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் முதலில் கோபம், பிறகு அழுகை, பிறகு கேள்விக்குமேல் கேள்வி. அதற்குப் பிறகு மூன்று கிழமை இரண்டு பேரும் சேர்ந்து ஓரப் பகுதியை அடியிலிருந்து திருப்பிச் செய்தார்கள். சிலியில் காலை, இங்கே பின்னேரம். இராகுலன் தேத்தண்ணி வைக்கும்போது திரையிலிருந்து மரியேலா கையை ஆட்டுவாள். அவனும் ஆட்டுவான். ஆய்வேடு இரண்டு மாதம் பிந்தியது. முடிவு பெரிதாக மாறவில்லை, ஒரு அட்டவணையில் ஒரு வரிசை எண்கள் மட்டும் மாறின. திருத்திய எண்களுக்குக் கார்த்திகைக் கடைசியில் ஒப்புதல் கிடைத்தது.

ஒப்பந்தத்தையும் நீட்டினார்கள். ஆனால் ஒரு சங்கதி இருந்தது. அந்த ஓரப் பகுதியை இதுவரை பார்த்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிய தரவுகளோடு அதை முழுதாக எடுத்துச் செய்ய, மாசியிலிருந்து பத்துக் கிழமைக்குக் கௌசிகா சுரங்கம் இருக்கிற இடத்துக்கே நேரே வரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அவள் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரும்," என்றான். "எனக்கு விருப்பமில்லை. ஆனா போயிட்டு வாரும்."

"கடைசி ரெண்டு கிழமைக்கு நீங்களும் வாங்கோவன். அந்தச் சுரங்கத்தைக் காட்டுறன்."

"மெசினை ஆர் பாக்கிறது?"

அதைக் கேள்விப்பட்ட தவராசா, "ஐஸ் நாங்கள் போடுவம், நீ போடா," என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சுஹைரா கடவுச்சீட்டு விண்ணப்பத்தை இறக்கி, இங்கிலீஷில் நிரப்பியும் கொடுத்தாள். விசா கிடைக்குமோ கிடைக்காதோ அப்போது ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை காலையில் இருவரும் கடைத்தெருவிலிருந்த ஸ்டூடியோவுக்குப் போனார்கள். இராகுலன் புதுச் சட்டை போட்டு, தலையை வாரி, வெள்ளைத் திரைக்கு முன்னால் நிமிர்ந்து இருந்தான். படமெடுக்கிறவருக்குப் பின்னால் கௌசிகா கைப்பையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சிரிக்கப்படாது அண்ணை, பாஸ்போட் படம்," என்றார் படமெடுக்கிறவர்.

"இல்லை, சிரிக்கேல்ல."

படமெடுக்கிறவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மறுபடி எடுத்தார். மூன்றாம் தரமும் சரிவரவில்லை. "அக்கா, நீங்கள் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ," என்றார் கௌசிகாவிடம். அவள் வெளியே போய்க் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலாவது படம் சரியாக வந்தது.